எத்தனையாம் பிள்ளை?



இந்தமுறை வந்த கடிதங்களில் ஒன்றை பல நாளாக மேசையிலிருந்து எடுத்து வைக்க மனம் வரவில்லை. சீ.ஆர். கொப்பியில் கிழித்த ஒரு தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. எழுதியவர் மூதூர்ப் பக்கத்துத் தாய். மகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் தரம் வரை முதலாம் பிள்ளை. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி, திருகோணமலை நகரத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் தரத்துக்குச் சேர்ந்தாள். உப்புவெளியில் சித்தி வீட்டில் நின்று படிக்கிறாள். முதலாந் தவணை முடிந்து ஊருக்கு வந்தவள் தேர்ச்சி அறிக்கையைக் காட்டவில்லை. உடுப்புப் பையின் அடியில், பாவாடை மடிப்புக்குள் இருந்ததைத் தாய்தான் கண்டெடுத்திருக்கிறார். 38 பேரில் 29ஆம் பிள்ளை.

“ஐயா, இவ்வளவு நாளும் முதலாம் பிள்ளையா இருந்தவள். இப்ப படிக்கிறாளில்லையோ, இல்லாட்டி வேற ஏதும் யோசினையோ தெரியேல்ல. தகப்பன் இன்னும் பாக்கேல்ல. பாத்தா ஊருக்கே திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திடுவார். இந்த நம்பரை எனக்குக் காட்டாமலே விட்டிருக்கலாமெண்டு ஒரு மனம் சொல்லுது. தெரியாமல் இருந்தா நான் என்ன தாய் எண்டு இன்னொரு மனம் சொல்லுது” என்று எழுதியிருந்தார்.

அந்த இரண்டு மனமும் எனக்கும் உண்டு. ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு சொல்வழக்கு இருக்கிறது. தமிழகத்தில் ‘எத்தனையாவது ரேங்க்’ என்பார்கள். நாங்கள் ‘எத்தனையாம் பிள்ளை’ என்று கேட்கிறோம். மீன் சந்தையில் கேட்கிறோம், பத்திரகாளி அம்மன் திருவிழாவில் கேட்கிறோம், செத்த வீட்டுக்குப் போன இடத்தில்கூட, பக்கத்தில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளை நின்றால், குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம். வீட்டிலும் இதே சொற்கள் உண்டு. ‘இவன் எனக்கு மூன்றாம் பிள்ளை’ என்று தாய் சொல்லும்போது அந்த எண்ணில் கூடுதல் குறைச்சல் எதுவும் இல்லை, பிறந்த ஒழுங்கு மட்டுமே. அதே சொற்கள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் எப்படி இவ்வளவு பாரமாகிவிடுகின்றன என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

நான் படித்த பள்ளிக்கூடம் ஒன்றில் தவணை முடிவில் அறிக்கை கொடுக்கும் முறை இப்படி இருந்தது. முதலாம் பிள்ளையில் தொடங்கி ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் கேட்டவர் எழும்பிப் போய் வாங்கிக்கொண்டு வெளியே போகலாம். முதல் பத்துப் பேருக்கு முதுகில் ஒரு தட்டு, ஒரு சொல். இருபதைத் தாண்டினால் பெயர் மட்டும். முப்பதுக்குப் பிறகு ஆசிரியர் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. எட்டாம் தரத்தில் 36 பேர். நான் 31ஆம் பிள்ளை. வெளியே வந்து ஜன்னலால் பார்த்தேன். கடைசியில் ஒருவன் மட்டும் தனியே வாங்கில் இருந்தான். அவனுடைய பெயரைக் கூப்பிடத் தேவையே இருக்கவில்லை, மிச்சம் அவன் ஒருவன்தானே. அவன் தானாக எழும்பிப் போய், மேசையில் கிடந்த ஒரே அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தான். திருக்கடலூர்ப் பக்கத்துப் பெடியன். கணக்கில் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அவன் கதைத்தால் நாங்கள் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்போம். அடுத்த வருசம் அவன் வரவில்லை. தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்றார்கள். அந்தக் காலத்தில் வீட்டுக் கஷ்டத்தால் கடலுக்குப் போனவர்கள் பலர், ஆகவே பழியை அந்த அறிக்கைமேல் மட்டும் போட மாட்டேன். ஆனாலும் வெறும் வகுப்பில் அவன் எழும்பி நடந்து போன அந்த நாலு எட்டு எனக்கு மறக்கவில்லை.

இப்படி ஒரு நினைவை வைத்துக்கொண்டிருக்கும் ஆள், ‘நிலையை எவருக்கும் சொல்லக் கூடாது, அந்தப் பெட்டியையே அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும்’ என்றுதான் எழுதுவேன் என்று நீங்கள் நினைக்கலாம். பல வருசம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதலில், பெற்றோர் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதை வெறும் பெருமைக்கென்று சொல்வது அநியாயம். இந்த நாட்டில் தமிழ்ப் பெற்றோருக்குப் புள்ளி என்பது பழைய காயம். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. மொழிவாரியாகப் புள்ளியைச் சமன்செய்தார்கள், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. ஒரு சில புள்ளியில் பல்கலைக்கழகம் கிடைத்தவரும் கிடைக்காதவரும் நம் குடும்பங்களில் இன்னமும் இருக்கிறார்கள். இன்றைக்கும் உயர்தரத்தில் சித்தியடைவது மட்டும் போதாது. 2001இலிருந்து இசட் புள்ளி. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளி, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாரின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறது என்ற கணக்கு அது. பிறகு அனுமதி. பொதுவாகப் பார்த்தால் நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 இடம் மாவட்ட அடிப்படையில், 5 இடம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. ஆக, 19 வயதில் நம் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற உயர்தரப் பெறுபேற்றுத் தாளில் ‘மாவட்ட நிலை’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரி வரப்போகிறது என்று தெரிந்த தாயிடம், ‘பிள்ளையை யாரோடும் ஒப்பிடாதீர்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. நாடே ஒப்பிடப்போகிறது.

ஆனால் அந்தப் பெரிய வரிசைக்கும், ஆறாம் தரத்து வகுப்பறை வரிசைக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் மூதூர்த் தாயின் கடிதத்தின் இரண்டாம் பக்கம் எனக்கு உதவியது. அவர் மகளின் புள்ளிகளை எல்லாம் வரிசையாக எழுதி அனுப்பியிருந்தார். கணிதம் 72. தமிழ் 78. விஞ்ஞானம் 69. வரலாறு 70. சமயம் 84. கீழே வந்தால் ஆங்கிலம் 31, இரண்டாம் மொழி சிங்களம் 22. அவ்வளவுதான் கதை. இரண்டு பாடம் மொத்தத்தை இழுத்து விழுத்தியிருக்கிறது.

நகரத்தில் வளர்ந்த பிள்ளை சிங்களத்தை வகுப்பறையில் மட்டும் படிப்பதில்லை. பஸ் நிலையத்தில் கேட்கிறது, சந்தையில் கேட்கிறது, பக்கத்து வீட்டில் கேட்கிறது. மூன்று இனத்தவரும் தோளோடு தோள் உரசி நடக்கும் ஊர் இது. மூதூருக்கு உள்ளே ஒரு தமிழ்க் கிராமத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்ததே இல்லை. ஆங்கிலப் பாடத்துக்கு அவளுடைய பழைய பள்ளிக்கூடத்தில் நெடுநாள் ஆசிரியர் இருக்கவில்லை என்றும் தாய் எழுதியிருந்தார். அந்த 29 என்கிற எண், அவள் படிக்கிறாளா இல்லையா என்று சொல்லவே இல்லை. அவள் எங்கே பிறந்து வளர்ந்தாள் என்பதைச் சொல்கிறது. ஊரில் ‘முதலாம் பிள்ளை’ என்று சொன்ன எண்ணும் அதையேதான் சொன்னது. பதினான்கு பேர் படித்த வகுப்பில் முதலாம் பிள்ளை, 38 கெட்டிக்காரர் கூடிய வகுப்பில் 29ஆம் பிள்ளை. பிள்ளை மாறவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் மாறினார்கள்.

இந்த இடத்தில் பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். றிச்சர்ட் மர்பி, ஃபீலிக்ஸ் வைன்ஹார்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இங்கிலாந்தில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவரின் பெறுபேறுகளை வைத்துப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வை வாசித்தேன். ஆரம்பப் பள்ளியில் ஒரே அளவு புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகள். ஒருவர் தன் வகுப்பில் முன்னுக்கு நின்றார். மற்றவர், கெட்டிக்காரர் நிறைந்த வகுப்பில் இருந்ததால், பின்னுக்கு நின்றார். இடைநிலைப் பள்ளிக்குப் போனபின், புது வகுப்பு, புது நண்பர்கள் மத்தியிலும், முன்னுக்கு நின்ற பிள்ளையே மேலே போனது. திறமை ஒன்றுதான். தன்னைப் பற்றி வைத்துக்கொண்ட எண்ணம் வேறு. ஆண் பிள்ளைகளிடம் இந்தத் தாக்கம் கூடுதலாம். கவனியுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரும் நிலை எழுதிய தாளைக் கையில் கொடுக்கவில்லை. வகுப்பில் இருந்துகொண்டே பிள்ளை தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. கை உயர்த்துகிறவர் யார், பதில் தெரிந்தவர் யார் என்று அதற்குத் தெரியும். ஆக, நிலையை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டால் அது பிள்ளைக்குத் தெரியாமல் போகும் என்பது நம் ஆசை மட்டுமே. தெரியாமல் போவது தாய் தகப்பனுக்குத்தான்.

சிங்கப்பூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் உறவுகள் பலர் இருக்கிற நாடு, பரீட்சைக்குப் பேர்போன நாடு. 2018 செப்டெம்பரில் அன்றைய கல்வியமைச்சர் ஒங் யீ குங், அடுத்த வருசத்திலிருந்து ஆரம்ப, இடைநிலைப் பள்ளி அறிக்கைகளில் வகுப்பு நிலை இருக்காது என்று அறிவித்தார். வகுப்பின் சராசரிப் புள்ளி, ஆகக்கூடிய புள்ளி, ஆகக்குறைந்த புள்ளி, இவையும் இல்லை. தவறிய பாடத்தைக் கோடிட்டுக் காட்டுவதும் இல்லை. முதலாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பரீட்சையே நிறுத்தப்பட்டது. தமிழகத்தில் 2017இல் செங்கோட்டையன் கல்வியமைச்சராக இருந்தபோது, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. அதுவரை ஒவ்வொரு மே மாதமும் பத்திரிகையின் முதற்பக்கத்தில் ஒரு பிள்ளையின் வாயில் இனிப்பு ஊட்டும் படம் வரும். அதே நாளில், அதே பத்திரிகையின் உட்பக்கத்தில், சொல்ல மனமில்லாத செய்திகளும் வரும். அந்த முடிவு சரியானதே என்று நான் முழு மனத்தோடு சொல்வேன்.

ஆனால் ஊரறியச் சொல்வது வேறு, தாய்க்குச் சொல்வது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக்கொண்டுதான் நாம் வாதாடுகிறோம்.

திருக்கடலூரில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு தகப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மகனின் அறிக்கையில் பத்துப் பன்னிரண்டு பாடம், பத்துப் பன்னிரண்டு எண். விஞ்ஞானத்தில் 54 என்றால் நல்லதா கெட்டதா? வினாத்தாள் கடினமா இலேசா? அவருக்கு எப்படித் தெரியும்? கடைசிப் பெட்டியில் இருக்கும் ‘நிலை’ ஒன்றுதான் அவருக்கு உடனே விளங்குகிற எண். வள்ளம் எத்தனையாவதாகக் கரை சேர்ந்தது என்று தெரிந்தவருக்கு அது விளங்காமல் போகுமா? அந்த எண்ணையும் எடுத்துவிட்டால் அவர் கையில் இருப்பது மகனின் வாய்ச்சொல் மட்டும். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும் வங்கி உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைக்கும் இதனால் ஒரு நட்டமும் இல்லை. அந்தத் தாய்மார் வகுப்பாசிரியரைத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள், ரியூசன் சேரிடம் கேட்பார்கள், கொப்பியைத் திறந்து தாங்களே பார்ப்பார்கள். மறைப்பதால் இருட்டில் விடப்படுகிறவர் எப்போதும் அந்த வலைக்காரர்தான்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. றெபேக்கா டிசோன்-றோஸ் என்ற ஆய்வாளர் ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் பெற்றோரிடம் ‘உங்கள் பிள்ளை எப்படிப் படிக்கிறது’ என்று கேட்டு, பதிலைப் பள்ளிக்கூடத்துப் புள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 2019இல் வெளிவந்த ஆய்வு. பெற்றோரின் கணிப்புக்கும் உண்மைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது, ஏழைப் பெற்றோரிடம் அந்த இடைவெளி இன்னும் பெரிது. உண்மை நிலையைத் தெளிவாக விளங்கப்படுத்தியபோது அவர்கள் செய்த காரியம் என்னைத் தொட்டது. பிள்ளையின் நிலைக்குப் பொருத்தமான பயிற்சிப் புத்தகத்தைத் தெரிந்தெடுத்தார்கள். அதுவரை, தொடக்கப் புத்தகம் தேவையான பிள்ளைக்கு மேல்நிலைப் புத்தகமும், மேல்நிலைப் புத்தகம் தேவையான பிள்ளைக்குத் தொடக்கப் புத்தகமும் போயிருக்கும். இந்த மாவட்டத்தில் எத்தனை தகப்பன்மார் கடன்பட்டு, பிள்ளைக்குத் தேவையில்லாத பாடத்துக்கு ரியூசன் காசு கட்டுகிறார்கள் என்று எனக்கு அன்று நினைவு வந்தது. அந்த மூதூர்ப் பிள்ளையைக் கணித வகுப்புக்குச் சேர்த்துவிடத்தான் தாயும் யோசித்திருந்தார். 72 எடுத்த கணிதத்துக்கு!

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்கு உண்மை தெரிய வேண்டும். மறைப்பது அன்பு இல்லை. ஆனால் ஆரம்பப் பிரிவில், அதாவது ஐந்தாம் தரம் வரை, எத்தனையாம் பிள்ளை என்ற எண்ணே வேண்டாம். வாசிக்கிறதா, எழுதுகிறதா, கூட்டல் கழித்தல் விளங்குகிறதா என்று சொன்னால் போதும். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு தவணைக்குள் எட்டு இடம் ஏறும், எட்டு இடம் இறங்கும், அதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆறிலிருந்து பதினொன்று வரை, கேட்கிற பெற்றோருக்கு, தனியே, மற்றக் காது கேளாமல் சொல்லலாம். உயர்தரத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும், அதுவும் வகுப்பு நிலையாக அல்ல. வகுப்பில் முதலாம் பிள்ளை என்று இரண்டு வருசம் நம்பியிருந்துவிட்டு, பெறுபேறு வந்த நாளில் மாவட்ட நிலையைப் பார்த்து இடிந்துபோய் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்தது அந்த ‘முதலாம்’ என்ற சொல்தான். வலயம் முழுவதற்கும் ஒரே வினாத்தாளில் பரீட்சை வைக்கும்போது, வலயத்தில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொன்னால் அது பயனுள்ள தகவல். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கந்தளாய், கிண்ணியா, மூதூர் என்று நம் மாவட்டத்துக் கல்வி வலயங்கள் ஐந்தும் நினைத்தால் இதைச் செய்ய முடியும்.

புலமைப்பரிசில் முடிவு வந்ததும் தெருவில் கட்டுகிற பதாகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள் வரிசையாக, புள்ளியோடு. மகிழ்ச்சியில் கட்டுகிறார்கள், எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒரு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளையும் அதே தெருவால்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். மழை வந்து அந்தப் பதாகை கிழியும் வரை ஒவ்வொரு காலையும் போக வேண்டும். தயவுசெய்து கட்டாதீர்கள். வீட்டில் பாயசம் வையுங்கள், கோயிலில் அர்ச்சனை செய்யுங்கள், பள்ளிவாசலில் துஆ கேளுங்கள், மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றுங்கள்.

கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஒரு ரீச்சர் இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவர் அறிக்கை கொடுக்கும் நாளில் போய் ஒரு மணித்தியாலம் வகுப்பின் பின்வாங்கில் இருந்து பார்த்தேன். பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார், பிள்ளையையும் பக்கத்தில் இருத்துகிறார். அறிக்கையைத் திறக்குமுன் பிள்ளையின் கொப்பி ஒன்றைத் திறக்கிறார். “இதைப் பாருங்க உம்மா, போன தவணை இந்தக் கணக்கைத் தொடவே மாட்டார். இப்ப மூண்டாவது வரி வரைக்கும் சரியா வாறார். நாலாவது வரியிலதான் பிழைக்குது.” அதன் பிறகுதான் அறிக்கை. நிலை என்ற பெட்டியில் அவர் பென்சிலால் எழுதுகிறார். கேட்கும் பெற்றோருக்குக் காட்டுகிறார். அன்றைக்கு வந்த பெற்றோரில் அரைவாசிப் பேர் கேட்கவே இல்லை. நாலாவது வரியைப் பற்றியே கதைத்துக்கொண்டு போனார்கள். ஏன் முதலில் கொப்பி என்று கேட்டேன். “நம்பரை முதல்ல காட்டினா அதுக்குப் பிறகு நான் சொல்ற ஒண்டும் காதில ஏறாது” என்றார்.

அவர் தன் அனுபவத்தில் கண்டதை 1988இல் றூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்துக் கண்டிருக்கிறார். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் புள்ளி மட்டும், இன்னொரு பகுதிக்கு ‘இதைச் சரியாகச் செய்தாய், அதைத் திருத்து’ என்ற குறிப்பு மட்டும், மூன்றாம் பகுதிக்குப் புள்ளியும் குறிப்பும் சேர்த்து. குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள், புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றார்கள். குறிப்பை எண் விழுங்கிவிட்டது. நம் அறிக்கைகளின் அடியில் ‘வகுப்பாசிரியர் குறிப்பு’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் ‘மேலும் முயற்சிக்கவும்’ என்று 38 பிள்ளைகளுக்கும் ஒரே கையெழுத்தில் எழுதும் ஆசிரியர்களே, உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், எதில் முயற்சிக்க வேண்டும் என்று இன்னும் இரண்டு சொல் போடுங்கள்.

என் தகப்பனார் துறைமுகத்தில் நாட்கூலிக்கு வேலை செய்தவர். 31ஆம் பிள்ளையாக நான் வந்த அந்த அறிக்கையை அவர் முற்றத்து விளக்கடியில் வைத்து வாசித்தது கண்ணுக்குள் நிற்கிறது. விரலை வைத்து, மேலிருந்து கீழே. கீழே வந்த விரல் நிலையில் நிற்கவில்லை. அதற்குப் பக்கத்தில் ‘வரவு’ என்ற இடத்தில் நின்றது. 61 நாளில் 54. “ஏழு நாள் எங்க போனது?” என்று கேட்டார். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை என்ற உலகத்தில் வாழ்ந்த மனிதருக்கு அந்தத் தாளில் விளங்கிய எண் அதுதான். அந்த ஏழு நாளும் நான் எங்கே போனேன் என்று சொல்ல வேண்டி வந்தது. வகுப்பில் இங்கிலீசு வாசிக்கச் சொல்லும் நாளாகப் பார்த்து ஒளித்திருந்தேன், உட்துறைமுகத்துக் கரையில் கப்பல் பார்த்துக்கொண்டு. சொல்லி முடித்ததும் அவர் அடிக்கவில்லை. அடுத்த மாதம் துறைமுகத்தில் கணக்கெழுதும் ஒரு பெரியவரிடம் பேசி, பின்னேரங்களில் எனக்கு இங்கிலீசு வாசிக்கப் பழக்க ஒழுங்கு செய்தார். 31 என்ற எண்ணை அவர் ஒருநாளும் வாயெடுத்துச் சொல்லவில்லை.

அறிக்கை கையில் வரும்போது, தயவுசெய்து அந்த வரவுப் பெட்டியையும் பாருங்கள். இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதே சில பிள்ளைகளுக்குப் பெரும்பாடு. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில், ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதப்புப் பாதை கவிழ்ந்து நீரோடு போன பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்துக்குத்தான் புறப்பட்டவர்கள். அந்தக் கரைப் பிள்ளைகளின் அறிக்கையில் வரவு குறைந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒரு ஆறு இருக்கும். எந்த ஆசிரியரும் எந்த அமைச்சும் அதை ஒரு பெட்டிக்குள் எழுதிக் காட்ட முடியாது. கேட்டால்தான் தெரியும்.

மூதூர்த் தாய்க்கு நான் பதில் எழுதவில்லை, தொலைபேசியில் கதைத்தேன். தகப்பனுக்கு அறிக்கையை மறைக்க வேண்டாம், ஆனால் காட்டும்போது ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் ஒரு விரலால் மூடிவிட்டு முதலில் மற்றப் பாடங்களை வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு விரலை எடுங்கள் என்றேன். அப்படியே செய்திருக்கிறார். தகப்பன் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப இந்த ரெண்டும்தானே பிரச்சினை” என்றாராம். கணித ரியூசன் பேச்சு நின்றது. சித்தி வீட்டுப் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா இருக்கிறார். சனிக்கிழமைகளில் மகள் அங்கே போய் ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு வருகிறாளாம். காசு ஒன்றும் இல்லை, அந்த அம்மாவுக்குத் தனிமைக்கு ஒரு துணை.

போன கிழமை தாய் மறுபடி பேசினார். மகளை ஊருக்குக் கூட்டிவரத் தானே திருகோணமலைக்கு வந்திருக்கிறார். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதிலிருந்து பிள்ளை ஜன்னலோரம் இருந்து, வழியில் வந்த பெயர்ப்பலகைகளில் சிங்கள எழுத்தை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தாளாம். தமிழ் எழுத்தைக் கையால் மறைத்து வாசித்துவிட்டு, பிறகு கையை எடுத்துச் சரியா என்று பார்த்தாளாம். மூதூர் வருமுன் இரண்டு இடத்தில் பிழை விட்டிருக்கிறாள். எந்த எழுத்தில் பிழை விட்டாள் என்று தாய்க்கும் காட்டிக் கொடுத்திருக்கிறாள். “எனக்கு அந்த எழுத்து ஒண்டும் தெரியாது ஐயா, ஆனா இப்ப ரெண்டு எழுத்துத் தெரியும்” என்றார்.

இரண்டாந் தவணை அறிக்கை வந்தால் எழுதச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். உங்கள் வீட்டு அறிக்கையில் வகுப்பாசிரியர் எழுதிய குறிப்பில், பிள்ளைக்கு உண்மையாகவே உதவிய ஒரு வரி இருந்தால் அதை அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை அந்த வரிகளுக்கு விட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்